கையால் செய்யும் அறிவியல்: யாருடைய கை?

ஆழ்வார்பேட்டையில் சர் சி.வி. ராமன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான், டி.டி.கே. சாலையில் நாரத கான சபா. மார்கழி பிறந்தால் அந்த மேடையில் மிருதங்கமும் கஞ்சிராவும் ஒலிக்கும். அடுக்குமாடிகளுக்குப் பின்னால், காரில் போகிறவர்கள் கண்ணில் படாத குடியிருப்புகளில் சாவு விழுந்தால் பறை ஒலிக்கும். மூன்றுமே இழுத்துக் கட்டிய தோல்தான். தொடக்கப் பள்ளி அறிவியலைப் பற்றி எழுத வந்தவள் தோலைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்க வேண்டாம். சின்ன வகுப்புகளில் அறிவியலைக் கையால் செய்து கற்கவேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கையால் என்றால் யாருடைய கையால் என்று கேட்டால், இந்த ஊரில் தோலைத் தொடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

செய்து பார்த்துக் கற்பதில் எனக்கு மறுப்பு ஏதும் கிடையாது. என் முனைவர் பட்ட ஆய்வே அதைப் பற்றியதுதான். ஆனால் அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். தென்சென்னையின் தனியார் பள்ளிகள் அதை 'எக்ஸ்பீரியன்ஷியல் லேர்னிங்' என்று விளம்பரத்தில் போட்டு விற்கின்றன. குழந்தை விதை ஊன்றுகிற படம், களிமண் பிசைகிற படம், கைநிறையச் சேறோடு சிரிக்கிற படம். அந்தச் சேற்றுக்குக் கட்டணம் உண்டு. அதே குழந்தையின் வீட்டில், தோட்டத்து மண்ணைக் கிளறிக் கொடுக்க வருகிறவருக்குத் தனி டம்ளர் இருக்கலாம். பள்ளியில் மண்ணைத் தொட்டால் அறிவு, வீட்டில் மண்ணைத் தொட்டவர் கை தீட்டு. இந்த முரண் பெற்றோருக்கும் உறுத்துவதில்லை, பள்ளிக்கும் உறுத்துவதில்லை.

அரசுப் பக்கம் கதை வேறு. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்விப் பணியில் உருவான அட்டைமுறை அதற்கு அடிப்படை. 13 பள்ளிகளில் தொடங்கி, அடுத்து மாநகராட்சியின் எல்லாத் தொடக்க வகுப்புகளுக்கும், 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் போனது. அந்த நாட்களில் படித்தவர்களுக்கு ஏணிப்படி, அட்டை, தட்டு, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், குழந்தையின் உயரத்துக்கு இறக்கிக் கட்டிய கரும்பலகை எல்லாம் நினைவிருக்கும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். முதல் வகுப்புப் பிள்ளையும் நான்காம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தார்கள். இந்த முறையைக் குறைசொல்ல நிறைய உண்டு. அட்டையை எடுப்பதும் வைப்பதுமே பாடமாகிப்போன வகுப்புகள் இருந்தன. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஆசிரியரின் விருப்புவெறுப்பு முடிவுசெய்யவில்லை, பெற்றோரின் முணுமுணுப்பு முடிவுசெய்யவில்லை. கையில் வந்த அட்டையில் இருந்த படம் முடிவுசெய்தது. சாதிப் பார்த்து வரிசை பிரித்த பள்ளிகள் இருந்த மாநிலத்தில் இது சின்ன விஷயமில்லை.

அதற்குப் பிறகு திட்டங்கள் மாறின. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆய்வுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பள்ளியாகப் போகிறது. நல்ல திட்டம், ஆனால் அது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு. சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் இருக்கிறது. அதன் முதல் கவலை எழுத்தும் கணக்கும். ஆக, ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளை ஒரு சோதனையைத் தன் கையால் செய்து பார்ப்பது அந்த வகுப்பு மிஸ்ஸின் ஆர்வத்தைப் பொறுத்தது. அவர் பர்ஸையும் பொறுத்தது.

அப்படிப்பட்ட ஒரு மிஸ்ஸின் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், ஆழ்வார்பேட்டையை ஒட்டியது என்பது போதும். ஐந்தாம் வகுப்பு. ஒலி பற்றிய பாடம். மிஸ் காலி பால்பவுடர் டின்களைச் சேர்த்து எடுத்துவந்திருந்தார். பிள்ளைகள் பலூனை வெட்டி டின்னின் வாயில் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டார்கள். மேலே நாலைந்து அரிசி. பக்கத்தில் எவர்சில்வர் தட்டை ஓங்கித் தட்டினால் அரிசி குதித்தது. அடுத்து, சப்பாத்தி மாவை உருட்டிப் பலூனின் நடுவில் ஒட்டிவிட்டுத் தட்டச் சொன்னார். ஒலி கீழே இறங்கியது. மாவைக் கூட்டினால் இன்னும் இறங்கியது. எடை ஏறினால் அதிர்வு மெதுவாகும் என்பதை ஒருத்தரும் எழுதிப்போடாமல் அவர்களே சொன்னார்கள். ஒருத்தி மட்டும் 'தூக்கம் வந்துடுச்சு மிஸ் அதுக்கு' என்றாள்.

சரி, இப்போது ஒலியை மேலே ஏற்றவேண்டும், என்ன செய்யலாம் என்று மிஸ் கேட்டார். இறுக்கிக் கட்டலாம். மாவை எடுத்துடலாம். சின்ன டின் எடுக்கலாம். அப்போது ஒரு பையன் சொன்னான்: 'தீயில காட்டணும் மிஸ். அட்டப்பொட்டி கொளுத்தி அதுல காட்டுனா டங்குனு வரும்.'

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். 'ஒனக்கு எப்டிறா தெரியும்?'

அவன் வாய் ஒரு நொடி நின்றது. 'டிவில பாத்தேன்.'

அவன் டிவியில் பார்க்கவில்லை. டிவியிலும் சினிமாவிலும் பறை காய்ச்சுவதைக் காட்டினால் வைக்கோலைத்தான் கொளுத்துவார்கள். அட்டைப்பெட்டி என்று சொல்லவேண்டுமானால் சென்னையில் ஒரு சாவு வீட்டு வாசலில், அடிக்கிறவர்களோடு நின்றிருக்க வேண்டும். இந்த ஊரில் வைக்கோலுக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய காலி அட்டைப்பெட்டிதான். அவன் சொன்னது முழுக்கச் சரி. தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினால் தளரும், சூடு காட்டினால் ஈரம் போய் இறுகும். இறுகிய தோல் வேகமாக அதிரும், ஒலி மேலே போகும். கடலோர நகரமான சென்னையில் இது ஒவ்வொரு அரைமணிக்கும் வேண்டியிருக்கும். பாடநூல் இன்னும் இரண்டு மூன்று வகுப்புகள் தள்ளிச் சொல்லப்போகிற ஒன்றை அவன் தன் தெருவிலிருந்தே கொண்டுவந்திருந்தான். 'எப்படித் தெரியும்' என்று கேட்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டு டிவிக்குள் ஓடி ஒளிந்துகொண்டான்.

மிஸ் செய்ததுதான் எனக்கு முக்கியம். அவனை அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. 'டிவில பாத்தது சரியானு நாமளே பாத்துடலாமா' என்றார். அடுத்த வாரம் எங்கிருந்தோ இரண்டு பழைய தோல் பறைகளை வாங்கிவந்தார். பள்ளியில் தீ மூட்ட முடியாது. ஒன்றை மைதானத்தில் வெயிலில் வைத்தார்கள், இன்னொன்றின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி நிழலில் வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு குழு போய் இரண்டையும் தட்டிப் பார்த்து, எது மேலே எது கீழே என்று நோட்டில் குறித்தது. எல்லாப் பிள்ளைகளும் தொட்டார்கள். ஒரு பெண் கையை மோந்து பார்த்து முகம் சுளித்தாள். 'ஆமா, தோலுக்கு ஒரு வாசனை இருக்கும். உன் ஷூவையும் மோந்து பாரு' என்றார் மிஸ். அவள் மெய்யாகவே ஷூவைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பையன் தன் குழுவோடு தட்டினான், குறித்தான், யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

இதை ஒரு கருத்தரங்கில் சொன்னபோது ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார்: அந்தப் பையனை முன்னால் அழைத்து, இது உன் குடும்பத்தின் அறிவு என்று பெருமைப்படுத்தியிருக்க வேண்டாமா? நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். கல்வியியலில் இதற்கு ஒரு மரபும் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களோடு பணிசெய்த லூயிஸ் மோல் குழுவினர், ஏழைப் பிள்ளைகளின் வீடுகளில் குவிந்திருக்கும் அறிவை ஆசிரியர் கண்டுபிடித்து வகுப்பறைக்குள் கொண்டுவரவேண்டும் என்று 1990களில் எழுதினார்கள். நான் மதிக்கும் பார்வை அது. ஆனால் இங்கே வீட்டு அறிவுக்கு ஒரு முகவரி ஒட்டியிருக்கிறது. மரத்தின் ரேகையைப் பற்றித் தச்சர் வீட்டுப் பிள்ளை சொன்னாலும் சாதி தெரிந்துவிடும். அதனால் மதியச் சாப்பாட்டில் அவன் பக்கத்து இடம் காலியாகாது. பறையைப் பற்றிச் சொன்னால் காலியாகும். பத்து வயதில் அந்தப் பையனுக்கு இது நன்றாகத் தெரியும். பேராசிரியருக்குத் தெரியவில்லை என்றால் அவர் அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. பறை நம் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. ஊர்ச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்கவேண்டிய அடிமை வேலையாகத்தான் அது பல தலைமுறைகளுக்கு இருந்தது. இனி அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்ததற்காகவே அடிவாங்கிய சேரிகள் தமிழ்நாட்டில் உண்டு. அதே பறையைச் சக்தி கலைக்குழுவும் புத்தர் கலைக்குழுவும் விடுதலையின் கருவியாக மேடையில் தூக்கின. 2025-இல் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ வந்தது. கீழே வைத்ததும் அரசியல், எடுத்ததும் அரசியல். இரண்டையும் வளர்ந்தவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுக்காக நாம் தேர்ந்தெடுத்து, அவன் கழுத்தில் பெருமை என்று எழுதி மாட்டிவிட முடியாது.

என் பெரியப்பா பறையடித்தவர், செங்கல்பட்டுப் பக்கம். இன்று ஆய்வாளர் என்ற பட்டத்தோடு இதை எழுதுவது எனக்கு எளிது. ஐந்தாம் வகுப்பில் யாராவது என்னை முன்னால் கூப்பிட்டு 'சொல்லும்மா, உங்க வீட்டுல எப்படிக் காய்ச்சுவாங்க' என்று அன்போடு கேட்டிருந்தால், மறுநாள் பள்ளிக்குப் போயிருக்க மாட்டேன்.

ஆகவே அந்த மிஸ் செய்ததைத்தான் நான் நல்ல அறிவியல் கற்பித்தல் என்பேன். அறிவை அறைக்குள் கொண்டுவந்தார், பிள்ளையை வெளியே இழுத்துப் போடவில்லை. தோலைக் காய்ச்சுவது ஒரு சாதியின் ரகசியமாக இல்லாமல் இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் நோட்டில் குறித்த முடிவாக ஆனது. அதற்கு எல்லோரும் தோலைத் தொடவேண்டியிருந்தது.

இப்போது ராமன் சாலைக்கு வருவோம். 1920-இல் ராமனும் எஸ். குமாரும் 'நேச்சர்' இதழில் இந்தியத் தோல் கருவிகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். சாதாரணமாக ஒரு வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால்தான் பல மேளங்களில் சத்தம் வரும், சுருதி வராது. மிருதங்கத்திலும் தபலாவிலும் அந்த மேலொலிகள் ஒழுங்காகப் பொருந்துகின்றன, அதற்குக் காரணம் தோலின் நடுவில் ஏற்றியிருக்கும் கரும்பூச்சு. 1934-இல் மீண்டும் இதை விரிவாக எழுதினார். நோபல் பரிசு வாங்கித்தந்த வேலை இது இல்லை, ஆனால் என் கணக்கில் அழகான வேலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலூனின் நடுவில் மாவு ஒட்டிய சோதனைக்கு இது பெரிய அண்ணன்.

அந்தக் கரும்பூச்சுக்கு மிருதங்கத் தொழிலில் பெயர் என்ன தெரியுமா? சாதம். கல்லைப் பொடித்துச் சோற்றோடு அரைத்து, துளித்துளியாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து அடுக்கடுக்காக ஏற்றுவது. எத்தனை அடுக்கு, எவ்வளவு அகலம், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் காதும் விரலும் சேர்ந்து எடுக்கும் முடிவு. ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் தட்டிப் பார்ப்பார்கள். தட்டிப் பார்த்து, மாற்றி, மறுபடி தட்டிப் பார்ப்பதற்குப் பெயர் சோதனை. மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்துக்குள் போகின்றன. அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, மூட்டு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களை உருவாக்கிய பர்லாந்து அப்படிப்பட்ட தஞ்சாவூர்க் குடும்பத்தில் வந்தவர். இந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரியில் நடக்கவிருந்த அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோல் மேடை ஏறலாம், தோலின் கதை ஏறக்கூடாது.

சபாவில் கஞ்சிரா வாசிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? வாசிப்பதற்கு முன் உள்பக்கத் தோலில் கொஞ்சம் தண்ணீர் தடவுவார். தோல் தளரும், ஒலி கனமாக இறங்கும். ரசிகர்கள் அதையும் ரசிப்பார்கள். பறைக்குத் தீ, கஞ்சிராவுக்குத் தண்ணீர். விதி ஒன்றுதான், திசைதான் வேறு. தண்ணீர் தடவுவது நுட்பம் என்றும் அட்டைப்பெட்டி கொளுத்துவது குப்பம் என்றும் பிரித்தது இயற்பியல் இல்லை.

கலாக்ஷேத்ராவைச் சொன்னதும் அடையாறு பிரம்மஞான சபை நினைவுக்கு வருகிறது, ருக்மிணி தேவி அங்கிருந்துதான் வந்தார். அந்தச் சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஊரூரில் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அவை பெருகின. தேனாம்பேட்டைப் பள்ளிக்கு தாமோதர் பெயர், மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். இரண்டுக்கும் நடுவில்தான் ஆழ்வார்பேட்டை. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை போய்ப் பௌத்தம் ஏற்றது இதே ஆல்காட்டின் துணையோடு. அந்தப் பஞ்சமர் பள்ளிகளில் அமெரிக்காவிலிருந்து வந்த பெண் ஆசிரியர்கள் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். பார்த்துத் தொட்டுச் செய்து கற்கும் முறை மெட்ராஸில் சேரிப் பிள்ளைகளின் வகுப்புக்குத்தான் அவ்வளவு முன்னதாகவே வந்தது என்பதை இன்றைய எக்ஸ்பீரியன்ஷியல் பள்ளிகள் அறியா.

ஆல்காட் 1907-இல் இறந்தார். அடுத்து தலைவரான அன்னி பெசன்ட் 1909-இல் 'இந்தியன் ரிவியூ'வில் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது, அவர்கள் உடல் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் நாற்றமடிக்கிறது, முதலில் அவர்களுக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொடுக்கவேண்டும், பல தலைமுறைகள் ஆகும் என்பது அவர் வாதம். அம்பேத்கர் 1945-இல் காங்கிரஸையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் இதை நீளமாக எடுத்துப்போட்டு அம்பலப்படுத்தினார். ஆல்காட் பெயர்கொண்ட பள்ளி இன்று இருக்கும் பகுதியின் பெயர், பெசன்ட் நகர்.

பெசன்டின் மூக்கு இன்னும் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. செயல்வழிக் கற்றல் வகுப்பறைகளில் ஆரோக்கியச் சக்கரம் என்று ஒன்று இருந்தது. குளித்தாயா, நகம் வெட்டினாயா, தலை சீவினாயா என்று தினமும் பார்ப்பது. நோக்கம் தவறில்லை. சக்கரம் போன பள்ளிகளிலும் காலையில் நகம் பார்ப்பது போகவில்லை. ஆனால் லாரித் தண்ணீருக்கும் அடிபம்புக்கும் நிற்கும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளையை நிறுத்தி, ஏன் குளிக்கவில்லை என்று நாற்பது பேர் முன்னால் கேட்பது அறிவியலா? நான் இப்படிச் செய்துபார்க்கச் சொல்வேன். வகுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொண்டுவாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் அதை நிரப்புங்கள். ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது அரசே வைத்திருக்கும் அளவு. ஆளுக்கு 9 குடம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 45 குடம். எந்த வீட்டுக்கு எத்தனை குடம் வருகிறது என்று பெயர் போடாமல் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் வரைபடம் போடுங்கள். நான்காம் வகுப்புக் கணக்கு, ஐந்தாம் வகுப்பு அறிவியல். நகத்தைப் பார்த்த கண்கள் குழாயைப் பார்க்கும்.

கையைப் பற்றிப் பேசும்போது நம் பள்ளிகள் கைக்குக் கொடுக்கும் மற்ற வேலைகளையும் சொல்லவேண்டும். 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்த வழக்கில் தலைமையாசிரியர் கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரை உடன்படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. சோதனை முடிந்ததும் சிந்திய தண்ணீரைத் துடைப்பது யார், மாவைக் கழுவுவது யார் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் குறித்துவைக்கிறேன். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அதிலும் சில பெண்பிள்ளைகள்.

கைத்தொழில் கல்வி என்று யாராவது இனிப்பாகப் பேசும்போது நாம் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக வெட்டி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெரியார் அதைத் தெருவுக்கு இழுத்தார். 1954-இல் காமராசர் வந்ததும் அது போனது. தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொழிற்கல்வி என்றபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். ஆனால் அந்தப் பயத்தில் நம் தோழர்கள் சிலர் கையையே சந்தேகிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் போதும், இங்கிலீஷ் போதும், மண்ணும் தோலும் எதற்கு என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரியும், முடிவு புரியவில்லை. தோலைக் காய்ச்சத் தெரிந்த பிள்ளைக்கு நாளையும் தோலே தொழில் என்றால் அது குலக்கல்வி. தோல் ஏன் இறுகுகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்டு, அதில் ஒருத்தி பொருள் அறிவியல் படிக்கப் போனால் அது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பாடமாகவே வைக்கவேண்டும். கூடவே, 'உனக்கு எப்படித் தெரியும்' என்று ஒரு பிள்ளையை வகுப்பின் நடுவில் எப்போது கேட்கக்கூடாது என்பதையும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வானவில் மன்றத்தின் பெட்டி ஒன்றாம் வகுப்புவரை இறங்கவேண்டும். ஒலிப் பாடத்தில் பலூனோடு தோலும் வரவேண்டும், பறை, தவில், மிருதங்கம் மூன்றும் ஒரே பக்கத்தில், செய்தவர்கள் பெயரோடு. துடைக்கிற முறை எழுதி ஒட்டப்பட்டு எல்லோருக்கும் வரவேண்டும், மிஸ் உட்பட.

இப்போது நகரத்தில் பல குழுக்கள் ஃபைபர் பறையைத்தான் எடுத்துப்போகின்றன. அதற்குத் தீ வேண்டாம், மழை வந்தாலும் தளராது. தோல் ஒன்றும் ஃபைபர் ஒன்றும் வைத்து, இரண்டின் மேலும் ஈரத்துணி போர்த்திப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் வகுப்பை அந்த மிஸ் அடுத்த பருவத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். ஃபைபர் பறை வாங்கும் பணத்தை அவரே போடுகிறார். அந்த ரசீதை எந்தக் கணக்கில் வைப்பது என்று பள்ளியில் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.